ஸ்வர ஸ்தானம், மேளகர்த்தா, தாளம்: சீட்டு விளையாட்டில் சொல்லிக்கொடுக்க என்ன வழி?

வளவுப்பாட்டு (கேள்வி)

வணக்கம். காரைக்குடிப் பக்கம், வளவு வீட்டில் சனி ஞாயிறு பாட்டு வகுப்பு. 9 முதல் 13 வயது வரை 12 பிள்ளைகள். சரளி, ஜண்டை, அலங்காரம் முடிந்து கீதம் தொடங்கியாயிற்று. பாடச் சொன்னால் சுத்தமாகப் பாடுகிறார்கள். "இதில் வருவது எந்த ரிஷபம்?" என்றால் பதில் இல்லை. ஸ்தானம் (ஸ்வரம் நிற்கும் இடம்) 12, பெயர் 16 என்ற இடத்திலேயே நிற்கிறார்கள். 72 மேள (ஏழு ஸ்வரமும் வரும் தாய் ராகங்கள், 1 முதல் 72 வரை எண் உண்டு) அட்டவணையைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்யவைக்க எனக்கு விருப்பமில்லை.

சீட்டு அச்சடித்து ஆடவைக்கலாம் என்று யோசனை. எத்தனை சீட்டு, எந்த அட்டை, என்ன ஆட்டம்? 4 பேராக 3 குழு பிரிக்கலாம். ஒரு வீணை, சுருதிப்பெட்டி, சின்ன கீபோர்டு இருக்கின்றன.

மெட்டுக்காரர்

ஆச்சி, சீட்டாட்டத்துக்கு முன்னால் தரையில் தொடங்குங்கள். பட்டாலையில் ஆத்தங்குடி கல் பதித்திருக்கும் அல்லவா? ஒரே வரிசையில் 12 கல். அதுதான் ஒரு ஸ்தாயி. முதல் கல் ஸ, எட்டாவது கல் ப. 16 பெயருக்கும் 16 சீட்டு: ஸ, ப ஒவ்வொன்று, ம இரண்டு, ரி, க, த, நி மும்மூன்று. கலைத்துக் கொடுத்து, ஒவ்வொருவராக வந்து உரிய கல்லில் வைக்கவேண்டும். வைத்து முடித்ததும் 3, 4, 10, 11 ஆகிய கற்களில் மட்டும் இரண்டிரண்டு சீட்டு கிடக்கும். மூன்றாவது கல்லில் சதுச்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் பக்கம் பக்கமாகக் கிடப்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அப்புறம் விளக்கம் தேவைப்படாது.

உடனே வீணைக்குப் போங்கள். சாரணியை (முதல் தந்தியை) எங்கும் அழுத்தாமல் மீட்டினால் ஸ. முதல் மெட்டு (தந்திக்குக் கீழே உள்ள குறுக்குக் கம்பி) சுத்த ரிஷபம். இரண்டாம் மெட்டில் அந்த இரண்டு பெயர். கல் எண்ணில் ஒன்று கழித்தால் மெட்டு எண். 7-ஆம் மெட்டில் ப வருகிறதா என்று பிள்ளைகளே சரிபார்க்கட்டும். கீபோர்டைவிட இதற்கு வீணைதான் நல்லது. கறுப்புக்கட்டை, வெள்ளைக்கட்டை என்ற பேதம் இல்லாமல் 12-ம் ஒரே வரிசையாகத் தெரியும்.

இது கைவந்தபின் மேள ரம்மி. ஸ, ப எல்லா மேளத்திலும் உண்டு என்பதால் கட்டில் சேர்க்கவேண்டாம். ஆளுக்கு 5 சீட்டு. ஒன்று எடுத்து ஒன்று போடுவது. ரி, க, ம, த, நி ஒவ்வொன்றும் கையில் சேர்ந்து, ரி-க ஜோடியும் த-நி ஜோடியும் செல்லுபடியானால் (க, ரி-யைவிட மேல் கல்லில்; நி, த-வைவிட மேல் கல்லில்) கீழே வைக்கலாம். ஜோக்கர் வேண்டாம்.

எல்லாச் சீட்டையும் சம எண்ணிக்கையில் அடித்தால் ஆட்டம் படுத்துவிடும். மூன்று ரிஷபத்தையும் கீழிருந்து மேலாக ரி1, ரி2, ரி3 என்போம், மற்றவையும் அப்படியே. ரி1 மூன்று காந்தாரத்தோடும் சேரும். ரி2 க2, க3 இரண்டோடு. ரி3 க3 ஒன்றோடு மட்டும். சமமாக அடித்தால் ரி3, க1, த3, நி1 எல்லாம் கையில் வந்தவுடன் குப்பையில் போகும். எண்ணிக்கை இப்படி இருக்கட்டும்:

ரி1 ஆறு, ரி2 நான்கு, ரி3 இரண்டு.
க1 இரண்டு, க2 நான்கு, க3 ஆறு.
ம1 ஆறு, ம2 ஆறு.
த, ரி மாதிரியே. நி, க மாதிரியே.

மொத்தம் 60. இது கைக்கு வந்த கணக்கு இல்லை. 72 மேளத்தில் ரி1 36-லும், ரி2 24-லும், ரி3 12-லும் வருகிறது. அதே 3:2:1 விகிதம்தான் கட்டிலும் இருக்கிறது. எது அரிது, எது பரவல் என்று பிள்ளைக்குக் கைப்பழக்கத்திலேயே தெரிந்துவிடும்.

கீழே வைத்தவர் மேள எண்ணைச் சொல்லவேண்டும். ரி-க வரிசை: ரி1க1, ரி1க2, ரி1க3, ரி2க2, ரி2க3, ரி3க3. இதில் எத்தனையாவது என்பது ரி-க எண். த-நிக்கும் அதே வரிசை. ரி-க எண்ணில் ஒன்று கழித்து 6-ஆல் பெருக்கி, த-நி எண்ணைக் கூட்டவேண்டும். ம2 இருந்தால் இன்னும் 36. ரி2 க3 ம1 த2 நி3 என்றால் 4×6+5 = 29, சங்கராபரணம். ம1-ஐ மட்டும் ம2 ஆக்கினால் 65, கல்யாணி.

அடிக்கடி வரும் தவறு ரி2-வோடு க1 வைத்துவிட்டு "ரம்மி" என்பது. தப்பு என்று சொல்லி நிறுத்தாமல் இரண்டு சீட்டையும் தரையில் அதே கல்லில் வைக்கச் சொல்லுங்கள். ரி3 க2-வும் அப்படியே. ரி3 க1-ல் காந்தாரம் ரிஷபத்துக்குக் கீழே போய்விடும். பாடச் சொன்னாலே பிடிபடும்.

அட்டை: 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, 63×88 மில்லிமீட்டர். ஏ4 தாளுக்கு 9 சீட்டு. 60-க்கு 7 தாள், 3 சீட்டு மிச்சம். மெல்லிய அட்டையில் வெயில் பட்டால் எழுத்து முதுகில் தெரியும். முதுகை அடர்நிறமாக அடியுங்கள். ஸ்வரத்தை இடது மேல் மூலையில் கட்டாயம் போடுங்கள். நடுவில் மட்டும் போட்டால் விசிறிப் பிடிக்கும்போது எதுவும் தெரியாது.

ஏழிசை

மெட்டுக்காரர் அண்ணன் சொன்ன கல் ஆட்டத்துக்கு ஒரு படி முன்னால் தமிழ்ப் பெயரை வையுங்கள். குரல், மென்துத்தம், வன்துத்தம், மென்கைக்கிளை, வன்கைக்கிளை, மெல்லுழை, வல்லுழை, இளி, மென்விளரி, வன்விளரி, மென்தாரம், வன்தாரம். 12 இடத்துக்கு 12 பெயர். இரட்டைப் பெயரே கிடையாது. முதல் வாரம் இந்த 12 சீட்டை மட்டும் கல்லில் அடுக்கட்டும். அடுத்த வாரம் 16-ஐ மேலே வைத்தால், எந்த இடத்துக்கு இரண்டாம் பெயர் வந்து சேர்கிறது என்று பிள்ளையே காட்டும். 1943-ல் தமிழ் இசைச் சங்கம் கண்ட ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பிறந்த கானாடுகாத்தான் பக்கத்திலேயே இருக்க, நம் பிள்ளைகளுக்கு இளியும் விளரியும் தெரியாமல் போகக்கூடாது.

வளவுப்பாட்டு

இருவருக்கும் நன்றி. பெயரிலிருந்தே மேள எண் எடுக்கும் கடபயாதிக்கும் (முதல் இரண்டு எழுத்தின் எண்களைத் திருப்பி வைக்கும் முறை) சீட்டு போட்டுப் பார்க்கலாமா? தமிழில் எழுதினால் கணக்கு சரியாக வருமா?

மெட்டுக்காரர்

போடலாம், ஆனால் வெறும் தமிழ் எழுத்தில் அடித்தால் தவறாகும். கடபயாதியில் க வர்க்கத்தின் நான்கு ஒலிக்கும் 1, 2, 3, 4 என்று தனித்தனி எண். நமக்கு எழுத்து ஒன்றே. கரஹரப்ரியாவின் க-வை 1 என்று எடுத்தால் 21, அதாவது கீரவாணி வந்துவிடும், சரியானது 22. தீரசங்கராபரணத்தில் த-வை 6 என்று எடுத்தால் 29-க்குப் பதில் 26, சாருகேசி. நடபைரவி 20-க்குப் பதில் 10, நாடகப்ரியா. அதனால் சுலோகப் புத்தகங்களில் போடுவது போல க², ட², த⁴ என்று மேலெண் போட்டே அச்சடியுங்கள். ஆனால் அந்த மேலெண்ணே விடை இல்லை, வர்க்கத்தில் எத்தனையாவது ஒலி என்பதுதான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். த⁴-க்கு எண் 9.

இரண்டாம் எழுத்து கூட்டெழுத்தாக வரும் பெயர்களை முதல் கட்டில் சேர்க்காதீர்கள். ரத்னாங்கியில் கூட்டெழுத்தின் பின்னெழுத்தை எடுக்கவேண்டும், சக்ரவாகத்தில் முன்னெழுத்தை. ஒரே நாளில் இரண்டும் வந்தால் பிள்ளை விதியையே நம்பாது. மாயாமாளவகௌளை 15, கீரவாணி 21, கரஹரப்ரியா 22, ஹரிகாம்போஜி 28, லதாங்கி 63, வாசஸ்பதி 64 போல 12 பெயர், 12 எண், ஆக 24 சீட்டு. கவிழ்த்துப்போட்டு ஜோடி சேர்க்கும் ஆட்டம் போதும்.

தட்டுவீச்சு

தாளத்தை யாரும் தொடவில்லையே. அதற்கு 32 சீட்டு போதும்: 7 தாளப்பெயர், 5 ஜாதி (லகுவின் அட்சர எண்ணிக்கை), 20 அங்கம் (தாளத்தின் உறுப்பு). அங்கத்தில் லகு (தட்டி விரல் எண்ணுவது) 11, துருதம் (தட்டு, வீச்சு) 8, அனுதுருதம் (ஒரு தட்டு) 1. ஏழு தாளத்தையும் ஒரே நேரத்தில் தரையில் அடுக்கினால் ஒன்றுகூட மிஞ்சாது, குறையாது. மிஞ்சினால் எங்கோ தவறு. நீங்கள் எட்டிப் பார்க்காமலே குழு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்.

பிறகு ஒருவர் தாளச் சீட்டு எடுக்க, இன்னொருவர் ஜாதிச் சீட்டு எடுக்க, அடுத்தவர் அட்சரம் சொல்லி, தட்டிக் காட்டவேண்டும். இங்கே வரும் தவறு ஒன்றே: ஜாதி மாறினால் துருதத்தையும் நீட்டிவிடுவார்கள். மாறுவது லகு மட்டும். துருதம் எப்போதும் தட்டு, வீச்சு, 2 அட்சரம். துருதத்தில் விரல் எண்ணினால் அந்தச் சுற்று அடுத்தவருக்கு.

கண்ட ஜாதி அடதாளம் 5+5+2+2, சதுச்ர ஜாதி துருவம் 4+2+4+4. இரண்டும் 14. இந்த இரண்டும் ஒரே நாளில் வந்தால் விடாதீர்கள். இரண்டு குழுவையும் எதிரெதிரே உட்காரவைத்து ஒரே காலத்தில் தட்டச் சொல்லுங்கள். தொடக்கத்தில் சேர்ந்து, நடுவில் பிரிந்து, அடுத்த ஆவர்த்தத்தின் முதல் தட்டில் திரும்பச் சேர்வார்கள்.

ஏழிசை

ஒன்று மட்டும் கண்டிப்பாக வையுங்கள், ஆச்சி. ரம்மியில் எண் சொன்னதோடு புள்ளி தராதீர்கள். சுருதிப்பெட்டியைப் போட்டு ஆரோகணம், அவரோகணம் பாடியபின்தான் புள்ளி. எண்ணுக்கு 1, பாட்டுக்கு 3. இல்லாவிட்டால் பெருக்கல் நன்றாக வரும் பிள்ளையே ஜெயித்துக்கொண்டிருக்கும்.

சீட்டு ஸ்தானம் வரைதான் வரும். ஆரபி ராகத்துக்கும் தேவகாந்தாரி ராகத்துக்கும் ஒரே ஸ்வரங்கள்தான். வேறுபாடு கமகத்திலும் (ஸ்வர அசைவு) சஞ்சாரத்திலும் (ராகம் நடக்கும் வழி) காலப்பிரமாணத்திலும் (வேகம்) இருக்கிறது. அதைச் சீட்டில் போட முயலவேண்டாம். அந்த இடம் வந்ததும் கட்டை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டையும் நீங்களே பாடிக் காட்டுங்கள்.