பல திரைகளுக்கு இடையே போய் வரும்போது எங்கே இடறினீர்கள்? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். மொபைல் செயலி செய்யத் தொடங்கும் எல்லோரும் முதல் வாரத்திலேயே ஓர் இடத்துக்கு வந்து நிற்கிறோம்: ஒரு திரை முடிந்துவிட்டது, இரண்டாவது திரை வேண்டும். ஒரு பொத்தானை வைத்து, அழுத்தினால் அடுத்த திரை வரும்படி செய்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். திரும்பி வரும் வழியில்தான் மாட்டிக்கொண்டேன். அதை விரிவாக எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். எந்தக் கருவியில் செய்தீர்கள் என்பதையும் சொன்னால் புதிதாக வருபவர்களுக்கு உதவும்.

நான் தொடங்கியது ஆப் இன்வென்ட்டரில். நிரல் எழுதிப் பழகாதவர்களும் பிளாக்குகளை இழுத்துப் பொருத்திச் செயலி செய்யலாம். 2010-ல் கூகுளில் தொடங்கி, பிறகு எம்ஐடி கைக்குப் போன கருவி அது. படித்த புத்தகங்களைக் குறித்துவைக்க ஒரு சின்னச் செயலி செய்தேன். ஸ்கிரீன்1 முகப்பு, ஸ்கிரீன்2 புத்தகப் பட்டியல், ஸ்கிரீன்3 ஒரு புத்தகத்தின் விவரம். விவரத் திரையின் மேலே ‘முகப்பு’ என்று ஒரு பொத்தான். அதற்கு ‘ஓப்பன் அனதர் ஸ்கிரீன்’ பிளாக்கை மாட்டி, பெயராக ‘ஸ்கிரீன்1’ என்று கொடுத்தேன். அழுத்தினால் முகப்பு வந்தது. சரி, இது முடிந்தது என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா போனை வாங்கிப் பார்த்தார். நான்கு புத்தகங்களைத் திறந்து பார்த்தார், ஒவ்வொரு முறையும் முகப்புப் பொத்தானை அழுத்தித் திரும்பினார். பிறகு வெளியே வருவதற்காகப் பேக் பட்டனை அழுத்தினார். முகப்பு போய் விவரத் திரை வந்தது. மறுபடி அழுத்தினார், பட்டியல். மறுபடி, முகப்பு. இன்னொரு முறை, வேறொரு புத்தகத்தின் விவரம். “இதுலேர்ந்து எப்படிடா வெளியே வர்றது?” என்று போனை என் கையில் கொடுத்துவிட்டார். நான் எண்ணிக்கொண்டே அழுத்தினேன். ஒன்பதாவது அழுத்தலில்தான் செயலி மூடியது.

அன்று இரவு காகிதத்தில் வரைந்து பார்த்தபோதுதான் புரிந்தது. ‘ஓப்பன்’ என்றால் பழைய திரைக்குப் போவது அல்ல, இருப்பதற்கு மேலே புதிதாக ஒன்றை அடுக்குவது. முகப்பு, பட்டியல், விவரம், அதன் மேல் இன்னொரு முகப்பு, அதன் மேல் இன்னொரு பட்டியல். மூன்று திரை உள்ள செயலியில் அக்கா கையில் இருந்தபோது பதின்மூன்று திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. போன் கொஞ்சம் திணறியதும் அதனால்தான்.

திரும்பி வர வேண்டிய இடத்தில் எல்லாம் ‘குளோஸ் ஸ்கிரீன்’ போட்டேன். மேலே இருப்பது மூடினால் கீழே காத்திருப்பது தானாகத் தெரியும். விவரத் திரையில் மதிப்பெண்ணை மாற்றியதைப் பட்டியலுக்குச் சொல்ல ‘குளோஸ் ஸ்கிரீன் வித் வேல்யூ’ இருக்கிறது. பட்டியலில் ‘அதர் ஸ்கிரீன் குளோஸ்டு’ நிகழ்வில் அந்த மதிப்பு வந்து சேரும். பட்டியலிலிருந்து விவரத்துக்கு எதையாவது அனுப்ப ‘ஸ்டார்ட் வேல்யூ’. இது தெரியாமல் குளோபல் வேரியபிளில் (மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடம்) வைத்துவிட்டு, அடுத்த திரையில் அதைத் தேடித் தேடி ஒரு மாலைப் பொழுதே போனது. ஒரு திரையின் வேரியபிள் அடுத்த திரைக்குத் தெரியாது. எல்லாத் திரைக்கும் பொதுவாக வேண்டுமென்றால் போனிலேயே தகவலைச் சேமித்துவைக்கும் டைனிடிபி-யில் எழுதி எடுக்க வேண்டும்.

இது என் கதை. உங்களுடையதைச் சொல்லுங்கள்.

* * *

நான் ஆண்ட்ராய்டில் கோட்லின் என்ற நிரல்மொழியில் எழுதுகிறேன். நீங்கள் சொன்ன அதே அடுக்கு என்னையும் பிடித்தது. ஆனால் என் விஷயத்தில் பாதிக்கப்பட்டவர்கள் பயனர்கள். அதனால் இன்னும் மறக்கவில்லை.

முன்பதிவு செய்யும் செயலி. படிவம், சரிபார்க்கும் திரை, ‘பதிவாகிவிட்டது’ திரை என்று மூன்று. ‘பதிவாகிவிட்டது’ திரையில் பேக் அழுத்தினால் சரிபார்க்கும் திரை அப்படியே இருந்தது, ‘உறுதி செய்’ பொத்தானும் உயிரோடு இருந்தது. பதிவு ஆனதா இல்லையா என்று சந்தேகப்பட்டவர்கள் திரும்பி வந்து மறுபடி அழுத்தியிருக்கிறார்கள். ஒருநாள் தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தால் ஒரே ஆள், ஒரே நேரம், மூன்று பதிவுகள். அவர்கள்மேல் ஒரு தவறும் இல்லை. பேக் அழுத்தினால் பாதுகாப்பான இடத்துக்குத்தான் போவோம் என்று நம்பி அழுத்தியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை நான்தான் காப்பாற்றவில்லை.

திரைமாற்றத்தைக் கவனித்துக்கொள்ளும் நேவிகேஷன் லைப்ரரியில் அடுத்த திரைக்குப் போகும்போதே ‘பாப் அப் டு’ என்று சொல்லலாம்: இன்ன திரை வரை அடுக்கிலிருந்து எடுத்துவிட்டுப் போ என்று. கூடவே ‘இன்க்ளூசிவ்’ சொன்னால் அந்தத் திரையும் சேர்ந்து போகும். பதிவு முடிந்ததும் படிவத்தையும் சரிபார்ப்பையும் அப்படி எடுத்துவிட்டேன். இப்போது பேக் அழுத்தினால் நேரே முகப்பு. லாகின் திரைக்கும் இதே மருந்துதான். உள்ளே வந்த பிறகு பேக் அழுத்தி மறுபடி கடவுச்சொல் கேட்கும் திரையைப் பார்க்க யாருக்கும் விருப்பமில்லை.

ஆனால் திரையைச் சரிசெய்ததோடு நான் நிறுத்தவில்லை. படிவம் திறக்கும்போதே அதற்கு ஒரு தனி அடையாளம் உருவாக்கி, சர்வருக்கு அனுப்பும்போது சேர்த்து அனுப்புகிறேன். அதே அடையாளம் இரண்டாவது முறை வந்தால் சர்வர் புதுப் பதிவு போடாது. நெட் மெதுவாக இருந்து செயலியே மறுபடி அனுப்பினாலும் ஒரே பதிவுதான்.

இன்னொன்று. திரையிலிருந்து திரைக்குத் தகவல் அனுப்புவதைப் பற்றி. ஒரு படத்தையே இன்டென்டில் (அடுத்த திரையைத் திறக்கச் சொல்லும் செய்தி) வைத்து அடுத்த திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். சோதித்த சின்னப் படங்கள் எல்லாம் போயின. கேமராவில் எடுத்த படம் வந்ததும் செயலி விழுந்தது. அந்த வழியில் போகும் தகவலுக்கு ஒரு இடையகம் (தற்காலிக இடம்) இருக்கிறது, அளவு சுமார் 1 எம்பி, அதையும் அந்த நேரத்தில் நடக்கும் மற்றப் பரிமாற்றங்களோடு பங்குபோட வேண்டும். படம் எங்கே இருக்கிறது என்ற முகவரியை மட்டும் அனுப்புங்கள், அடுத்த திரை போய் எடுத்துக்கொள்ளட்டும். புத்தகம் என்றாலும் அதேதான். முழு விவரத்தையும் அனுப்பாமல் புத்தக எண்ணை மட்டும் அனுப்பினால் போதும்.

* * *

ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஒரே நிரலில் செயலி செய்யும் ஃபிளட்டர் பக்கத்திலிருந்து சின்ன விஷயம். பட்டியலில் ஒரு வரியைப் பயனர் சட்டென்று இரண்டு முறை தட்டினால், திரையை மேலே அடுக்கும் ‘புஷ்’ இரண்டு முறை ஓடும், ஒரே விவரத் திரை இரண்டாக அடுக்கப்படும். பார்த்தால் தெரியாது. பேக் அழுத்தும்போது அதே திரை மறுபடி வருவதால், பட்டன் வேலை செய்யவில்லை என்று புகார் வரும். நான் இரண்டு நாள் பேக் பட்டனைத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன். பழுது இருந்தது முன்னே போகும் தட்டலில். முதல் தட்டலிலேயே பொத்தானை முடக்கிவிட்டு, திரும்பி வந்ததும் திறந்துவிடுகிறேன்.

முதலில் எழுதியவர் சொன்ன ‘குளோஸ் ஸ்கிரீன் வித் வேல்யூ’ ஃபிளட்டரிலும் உண்டு. ‘புஷ்’ முன்னால் ‘அவெய்ட்’ (முடியும் வரை காத்திரு) போட்டால், அந்தத் திரை ‘பாப்’ ஆகும்போது, அதாவது மூடும்போது, கொடுக்கும் மதிப்பு கைக்கு வரும். அப்புறம் அந்த அவெய்ட் முடிவதற்குள் உங்கள் திரையே மூடியிருக்கலாம். அதனால் திரை இன்னும் இருக்கிறதா என்பதை ‘மவுன்டட்’ என்று ஒருமுறை சோதித்துவிட்டுத் தொடருங்கள்.

கீழே தாவல்கள் வைத்துச் செய்பவர்களுக்கு: தாவல் மாற்றுவதைப் புஷ் ஆக்காதீர்கள். ‘இன்டெக்ஸ்டு ஸ்டாக்’ போட்டால் எல்லாத் தாவலும் உயிரோடு இருக்கும், எதைக் காட்டுவது என்பது மட்டும் மாறும். பட்டியலில் நாற்பதாவது வரியில் இருந்தவர் பக்கத்துத் தாவலுக்குப் போய் வந்தாலும் நாற்பதாவது வரியிலேயே இருப்பார்.

* * *

ஐபோனில் கீழே பேக் பட்டனே கிடையாது. மேலே இடது மூலையில் ஒரு அம்பு, இல்லையென்றால் இடது ஓரத்திலிருந்து விரலால் இழுப்பது. இந்த இழுப்பு 2013-ல் ஐஓஎஸ் 7 உடன் வந்தது. நான் அழகுக்காக இயல்பான அம்பை எடுத்துவிட்டு என் படத்தை வைத்தேன். அம்பு வேலை செய்தது, இழுப்பு செத்துவிட்டது. எனக்கு அது பல வாரம் தெரியவே இல்லை, ஏனென்றால் நான் கணினியில் ஓடும் சிமுலேட்டரில் மவுஸால் அம்பைத்தான் அழுத்துவேன். பெரிய போனை ஒரு கையால் பிடித்துப் பயன்படுத்தும் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அவருக்கு அந்த மூலை விரலுக்கு எட்டாது. இயல்பான அம்பையே வைத்து அதன் படத்தை மட்டும் மாற்ற வழி இருக்கிறது, அதைச் செய்யுங்கள்.

2019-ல் ஐஓஎஸ் 13 வந்தபோது கீழிருந்து மேலெழும் திரைகள் அட்டை போல ஆயின, கீழே இழுத்தால் மூடிக்கொள்ளும். பாதி நிரப்பிய படிவம் ஒரு விரல் அசைவில் போய்விடும். சேமிக்காத மாற்றம் இருந்தால் மூட விடாமல் தடுத்து, ‘விட்டுவிடலாமா?’ என்று கேட்க வேண்டும்.

* * *

நான் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவன். ஒரு பிரச்சினையில் மாட்டியிருக்கிறேன், இங்கே கேட்கலாமா? ஆண்ட்ராய்டு. முதல் திரையில் மொபைல் எண் வாங்குகிறேன், இரண்டாவது திரையில் ஓடிபி. எண்ணை எல்லாத் திரைக்கும் பொதுவான ஒரு ஆப்ஜெக்டில் வைத்திருக்கிறேன். என் போனில் ஒரு குறையும் இல்லை. நண்பரின் பழைய போனில், ஓடிபி பார்க்க மெசேஜ் செயலிக்குப் போய்த் திரும்பினால், ‘நல் என்ற எண்ணுக்கு ஓடிபி அனுப்பியுள்ளோம்’ என்று வருகிறது. (நல் என்றால் நிரலில் ‘மதிப்பு எதுவும் இல்லை’.)

* * *

கோட்லின்காரன் மறுபடி. தம்பி, அந்தப் போனில் நினைவகம் குறைவு. அவர் வெளியே போன நேரத்தில் ஆண்ட்ராய்டு உங்கள் செயலியின் பிராசஸையே (நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பதை) முடித்துவிட்டது. அவர் திரும்பியதும் புதுப் பிராசஸ் தொடங்கி, விட்ட இடத்தில் இருந்த திரையை மட்டும் மறுபடி உருவாக்கிக் கொடுத்தது. முதல் திரையின் நிரல் இந்த முறை ஓடவே இல்லை, அதனால் பொது ஆப்ஜெக்ட் காலி. எண்ணை அடுத்த திரைக்கு ஆர்க்யுமென்ட்டாக (திரையைத் திறக்கும்போது கூடவே தரும் மதிப்பாக) கொடுங்கள். அதை ஆண்ட்ராய்டு பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தரும். திரையிலேயே பிறக்கும் தகவலுக்கு ‘சேவ்டு ஸ்டேட் ஹேண்டில்’.

சோதிக்கும்போது ஒரு கவனம். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்’ என்று ஒன்று உண்டு. அது திரையை மட்டும்தான் அழிக்கும், பிராசஸ் உயிரோடு இருக்கும். அதனால் உங்கள் பிழை அதில் தெரியாது. செயலியைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு, கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி மூலம் ‘ஏஎம் கில்’ கட்டளை கொடுத்து, பிறகு அண்மைச் செயலிகள் பட்டியலிலிருந்து திறந்து பாருங்கள். அப்போது நல் உங்கள் போனிலும் வரும்.

* * *

இழையைத் தொடங்கியவன் எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. அதே புத்தகச் செயலியை இப்போது கோட்லினில் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை நிரலைத் தொடுவதற்கு முன் காகிதத்தில் திரைகளை வரைந்து, முன்னே போகும் அம்புகளுக்கு முன்பே பேக் அம்புகளைச் சிவப்பில் போட்டேன். ஆறு திரைகளில் ஐந்துக்குச் சிக்கலில்லை. விவரத் திரையில் கை நின்றுவிட்டது. இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தர நினைவூட்டும் அறிவிப்பு ஒன்று இருக்கிறது, அதைத் தட்டினால் நேரே விவரத் திரை திறக்கும். அடியில் எந்தத் திரையும் இல்லாததால், அங்கே பேக் அழுத்தினால் செயலியே மூடிக்கொள்கிறது.

* * *

அதற்கு ‘டாஸ்க் ஸ்டாக் பில்டர்’. அறிவிப்பைக் கட்டும்போதே முகப்பு, பட்டியல், விவரம் என்று அடுக்கை நீங்களே கொடுத்துவிடலாம். பயனர் அந்த வழியில் நடந்து வந்தது போலவே இருக்கும்.

* * *

செய்துவிட்டேன். இன்று அக்காவிடம் அறிவிப்பைத் தட்டச் சொல்லிப் போனைக் கொடுத்தேன். விவரம் திறந்தது. பேக், பட்டியல். பேக், முகப்பு. மூன்றாவது அழுத்தலில் செயலி மூடியது. அவர் ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.