பராமரிப்புக் கட்டணம் ‘அசல் செலவுப்படி’ என்றால் ஐந்தாண்டுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

கேள்வி (வாடகைதாரர், சென்னை):
வணக்கம். கிண்டியில் 2,400 சதுர அடி அலுவலகம் ஒன்றை ஐந்தாண்டுக் குத்தகைக்கு எடுக்கவிருக்கிறோம். வாடகை மூன்றாண்டுக்கு ஒருமுறை 15 சதவீதம் உயரும் என்று வரைவில் தெளிவாக இருக்கிறது. பொதுப் பராமரிப்புக் கட்டணமோ இப்போது சதுர அடிக்கு 12 ரூபாய். அடுத்த ஆண்டு முதல் ‘அசல் செலவுப்படி’ (அதாவது, உண்மையில் ஆகும் செலவைப் பங்கிட்டு) என்று ஒரே வரியில் முடிகிறது. ஆண்டுக்கு 5 சதவீத உயர்வு என்று கணக்கிட்டால் போதுமா?

மறுமொழி (கணக்காளர்):
மொத்தத்துக்கு ஒரே சதவீதம் போடாமல், அந்த 12 ரூபாயைப் பிரித்துக் கேளுங்கள். எடுத்துக்காட்டாக, காவலர், துப்புரவுப் பணியாளர் ஊதியம் 5 ரூபாய், மின்சாரமும் ஜெனரேட்டர் டீசலும் 4, லிஃப்ட் முதலியவற்றின் பராமரிப்பு ஒப்பந்தம் 1, இவற்றின் மேல் 20 சதவீத நிர்வாகக் கட்டணம் 2 என்று கொள்வோம். குறைந்தபட்ச ஊதியத்தின் அகவிலைப்படி ஏப்ரல்தோறும் மாறுகிறது. தமிழ்நாட்டில் மின்கட்டணம் 2024 ஜூலையில் 4.83 சதவீதமும், 2025 ஜூலையில் 3.16 சதவீதமும் உயர்ந்தது. ஊதியத்துக்கு 7, மற்றவற்றுக்கு 5 சதவீதம் என்று எடுத்தால் 12 ரூபாய் அடுத்த ஆண்டு 12.72 ஆகும், அதே வேகத்தில் ஐந்தாம் ஆண்டில் ஏறக்குறைய 15.15. இதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. உள்ளீட்டு வரி வரவு (கொடுத்த ஜிஎஸ்டியைத் தாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாதவருக்கு அதுவும் செலவுதான்.

மறுமொழி (கட்டட மேலாளர்):
விலைவாசியைவிட நான் அஞ்சுவது வகுக்கும் எண்ணுக்குத்தான். மாதச் செலவு 7,20,000 ரூபாயை 60,000 சதுர அடிக்கு வகுத்தால் 12 ரூபாய். கட்டடத்தில் 40 சதவீதம் காலியாகி, ஆள் இருக்கும் 36,000 சதுர அடிக்கு மட்டும் வகுத்தால் 20 ரூபாய்! ஆள் குறைந்தாலும் காவலர் எண்ணிக்கையும் லிஃப்ட் ஒப்பந்தமும் குறைவதில்லை. ஆகவே காலி இடத்தின் பங்கை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்றும், ஆண்டு உயர்வு இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் எழுதி வாங்குங்கள். சொத்துவரி உயர்வு யார் தலையில் என்பதையும் பாருங்கள். சென்னையில் 2022-இல் வணிகக் கட்டடங்களுக்கு அது பெரிதாக ஏறியது.

கேட்டவர்:
நன்றி. மூன்றாண்டுக் கணக்கைக் கேட்டு வாங்கினேன். சென்ற ஆண்டுப் பராமரிப்புச் செலவில் புது லிஃப்ட் வாங்கிய தொகையும் சேர்ந்திருக்கிறது. அதை நீக்கிவிட்டுக் கணக்கிடும்படியும், மூலதனச் செலவு வாடகைதாரரைச் சேராது என்று ஒப்பந்தத்தில் சேர்க்கும்படியும் எழுதியிருக்கிறேன்.