துணைப் பூனை இறந்தபின் குட்டி சரியாகச் சாப்பிடுவதில்லை; எப்படித் தேற்றுவது?

கேள்வி: மலையடிவாரம்

அனைவருக்கும் வணக்கம். திருச்செங்கோட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்த கறுப்பன் என்னும் ஆண் பூனை, சிறுநீரகம் செயலிழந்து சென்ற வாரம் மருத்துவமனையிலேயே இறந்துவிட்டது. அதன் நிழலிலேயே வளர்ந்த செவலை என்னும் பெண் பூனைக்கு இப்போது எட்டு மாதம் இருக்கும். மிகச் சிறு வயதிலேயே தாயைப் பிரிந்து எங்களிடம் வந்ததால், மேனியை நக்கித் துடைப்பது முதல் மணலைக் கிளறி மூடுவது வரை எல்லாவற்றையும் அது கறுப்பனைப் பார்த்தே கற்றுக்கொண்டது.

இரண்டுக்கும் அடுக்களை வாசலில் பக்கத்தில் பக்கத்தில் தட்டு வைப்பது வழக்கம். இப்போது செவலை இரண்டு வாய் தின்றதும் தலையைத் தூக்கி, கறுப்பனின் தட்டு இருந்த இடத்தைப் பார்க்கிறது. பிறகு மீதியை அப்படியே விட்டுவிட்டு, கறுப்பனை மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிளாஸ்டிக் கூடையின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரவில் அறை அறையாகச் சென்று, இதற்குமுன் நாங்கள் கேட்டிராத நீண்ட குரலில் கத்துகிறது. பகலில் என் காலைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இறந்த உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியிருந்தால் இப்படித் தேடாது என்று என் அத்தை, அதாவது மாமியார், சொல்கிறார். உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது என் கணவரின் எண்ணம். எனக்கு எது சரியென்று தெரியவில்லை. இந்தச் சிறிய உயிர் ஏங்கிப் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: கூடத்துப்பூனை

சகோதரிக்கு வணக்கம். கறுப்பனின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தம். செவலையிடம் நீங்கள் காண்பது, துணையை இழந்த பூனைகளிடம் பலரும் கண்டிருப்பதுதான். அமெரிக்காவின் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1996-இல் வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்தபோது, துணையை இழந்த பூனைகளில் 46 சதவீதம் முன்பைவிடக் குறைவாக உண்டதாகத் தெரியவந்தது. வளர்ப்பவரை விடாமல் ஒட்டிக்கொள்வதும், குரல் கூடுவதோ குறைவதோ நேர்வதும் அதே கணக்கெடுப்பில் பரவலாகப் பதிவாகியுள்ளன.

ஏக்கத்துக்கு மருந்து தேடும் முன்னர் அதன் வயிற்றைக் கவனியுங்கள். பூனையின் உடல் பட்டினியைத் தாங்குவதில்லை. உணவு நின்றுவிட்டால், உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு கரைந்து கல்லீரலை நோக்கிச் செல்லும். அந்த அளவைக் கையாள முடியாமல் கல்லீரலிலேயே கொழுப்புப் படிந்து, சில நாள்களுக்குள் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பருமனான பூனைகளுக்கே இந்த ஆபத்து மிகுதி என்றாலும், வளரும் வயதிலுள்ள ஒல்லியான பூனை வேறு வகையில் விரைவாகத் தளர்ந்துவிடும். ஆகவே 24 மணி நேரம் எதையும் உண்ணவில்லை என்றாலோ, தொடர்ந்து சில நாள்களாக வழக்கமான அளவில் பாதிகூட உண்ணவில்லை என்றாலோ, துக்கம் தானாகத் தீரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஈறும் காதின் உட்புறமும் மஞ்சளாகத் தெரிந்தால் ஒரு வேளைகூடத் தாமதிக்கக் கூடாது. உங்கள் ஊரிலிருந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அதிகத் தொலைவு இல்லை.

பூனைக்குப் பசியைத் தூண்டுவது வாசனைதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உணவை அப்படியே வைத்தால் அதில் மணமே எழாது. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் சற்று வைத்து, தொட்டால் இளஞ்சூடாக இருக்கும்போது கொடுங்கள். மத்தி மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து உதிர்த்து, அது வெந்த நீரையும் ஒரு கரண்டி சேர்த்தால் பெரும்பாலான பூனைகள் மறுப்பதில்லை. குழம்பில் கிடந்த மீனைக் கழுவிக் கொடுப்பது வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. சாப்பிடாமல் சோர்ந்து படுத்திருப்பதைக் காய்ச்சல் என்று எண்ணி வீட்டிலுள்ள பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடுகிறவர்கள் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது: அரை மாத்திரைகூடப் பூனையின் உயிரைப் பறித்துவிடக்கூடும்.

தட்டு வைக்கும் இடத்தையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். செவலைக்கு உண்ணும்போது பக்கத்தில் ஓர் உயிர் இருந்தே பழக்கம். கறுப்பன் இருந்த பக்கத்தில் நீங்கள் தரையில் அமர்ந்து, அது தலையைத் தூக்கும்போது இரண்டு விரலில் ஒரு துண்டு மீனை நீட்டிப் பாருங்கள். அதை வாங்கித் தின்றபின் பெரும்பாலும் மறுபடியும் தட்டில் வாய் வைக்கும். கறுப்பன் படுத்த துணியை இப்போதைக்குத் துவைக்க வேண்டாம். அந்தக் கூடையையும் எடுத்து ஒளித்து வைக்க வேண்டாம். மணம் மெல்ல மெல்லக் குறைவது, ஒரே நாளில் முற்றிலும் மறைந்துபோவதைவிட அதற்கு நல்லது. வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று தரையெங்கும் ஃபினாயில் ஊற்றித் துடைப்பது பழைய மணத்தை அழிப்பதோடு, பாதத்தை நக்கும் பூனைக்கு நஞ்சாகவும் ஆகும்.

உங்கள் மாமியாரின் கருத்தைப் பற்றி ஒரு சொல். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நாய், பூனை வளர்ப்பவர்களிடம் கேட்டு 2016-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், துணையின் உடலைப் பார்த்த விலங்குகளுக்கும் பார்க்காதவற்றுக்கும் நடத்தையில் வேறுபாடு தெரியவில்லை. பெரும்பாலான மாற்றங்கள் ஆறு மாதத்துக்குள் தணிந்தன என்பதும் அதில் உள்ளது. எனவே காட்டவில்லையே என்று நீங்கள் மனம் வருந்த வேண்டியதில்லை.

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

மேலே நண்பர் எழுதியவற்றோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் கேள்வியில் ஒரு செய்தி என் கண்ணில் பட்டது: எட்டு மாதப் பெண் பூனை, இதுவரை கேட்டிராத நீண்ட குரலில் இரவில் கத்துகிறது, காலையே சுற்றுகிறது. கருத்தடை அறுவை சிகிச்சை செய்தாயிற்றா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. செய்யவில்லை என்றால், அந்தக் குரலில் ஒரு பகுதியாவது துக்கமாக இல்லாமல், அது பருவத்துக்கு வந்து இணை தேடும் குரலாக இருக்கலாம். பெண் பூனைகள் பெரும்பாலும் ஐந்து முதல் ஒன்பது மாதத்துக்குள் பருவம் அடைகின்றன. தரையில் புரளுவதும், முதுகைத் தடவினால் முன்னுடலைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி வாலை ஒரு பக்கமாக ஒதுக்குவதும் அதன் தெளிவான அடையாளங்கள். அந்த நாள்களில் உணவிலும் நாட்டம் குறையும்.

இதை வேறுபடுத்தி அறிவது ஏன் முக்கியம் என்றால், பருவத்தின் குரல் ஒரு வார அளவில் ஓய்ந்து, இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரங்களில் மறுபடியும் தொடங்கும். அப்போது, தேறிவந்த பூனைக்குத் துக்கம் திரும்பிவிட்டது என்று வீட்டில் உள்ளவர்கள் கலங்கிப்போவார்கள். இன்னொன்று, பருவத்தில் இருக்கும் பூனை கதவிடுக்கு கிடைத்தாலும் வெளியே போய்விடும். துணையைத் தேடும் பூனையும் அப்படியே. இப்போது சன்னல்களையும் மாடிக் கதவையும் இருமடங்கு கவனமாகப் பாருங்கள். கறுப்பனின் சிறுநீரக நோய் தொற்றக்கூடியதன்று என்பதால், அந்த வகையில் செவலைக்கு அச்சம் இல்லை.

மலையடிவாரம்

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்தபின் இன்று காலை கவனித்தேன். முதுகைத் தடவியதும் நீங்கள் சொன்னது போலவே நின்றது. இன்னும் அறுவை சிகிச்சை செய்யவில்லை. கறுப்பனின் நோயைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மத்தி மீனை இளஞ்சூட்டில் வைத்து, பக்கத்தில் அமர்ந்து ஊட்டியதில் நேற்று இரவு பாதித் தட்டுக்கு மேல் உண்டது. இருவருக்கும் என் நன்றி. அப்படியானால் புதிய குட்டியைப் பற்றி என்ன முடிவு எடுப்பது?

பதில்: சன்னலோரம்

உங்கள் கணவரின் எண்ணம் அன்பினால் வந்தது. ஆனால் இப்போது வேண்டாம் என்றே நான் சொல்வேன். பூனைகள் இன்னொரு பூனையை, அது பூனை என்பதற்காக மட்டும் ஏற்றுக்கொள்வதில்லை. செவலை தேடுவது ஏதோ ஒரு துணையை அன்று, கறுப்பனை. உணவும் உறக்கமும் குலைந்திருக்கும் நேரத்தில் அந்நிய மணமுள்ள ஒரு குட்டி வீட்டுக்குள் வந்தால், செவலை தன்னிடம் இருக்கும் கொஞ்ச நிம்மதியையும் இழந்து, பரண் மேல் ஏறி ஒளிந்துகொள்ளும்.

அதுவரை துணையின் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். இந்த வயதுப் பூனைக்குக் கறுப்பன் ஆசானாக மட்டும் இல்லாமல், பாய்ந்து கடித்து விளையாடும் தோழனாகவும் இருந்திருக்கும். ஒரு குச்சியின் நுனியில் நூலைக் கட்டி, அதில் இறகு ஒன்றை முடிந்து, இரை ஓடுவதைப் போலத் தரையோரமாக இழுத்து, காலையிலும் மாலையிலும் பத்து நிமிடம் விளையாடுங்கள். இடையிடையே அதைப் பிடிக்கவும் விடுங்கள். விளையாடி முடித்த உடனே உணவு வையுங்கள். வேட்டையாடி, தின்று, நக்கித் துடைத்து, உறங்குவது பூனையின் இயல்பான வரிசை. இரவில் கடைசி விளையாட்டும் கடைசி உணவும் நீங்கள் படுக்கும் நேரத்தை ஒட்டி அமைந்தால், நள்ளிரவுக் கத்தலும் குறையும். நூலை மட்டும் விளையாட்டு முடிந்ததும் எடுத்து வைத்துவிடுங்கள். விழுங்கினால் குடலைச் சிக்கவைக்கும்.

அறுவை சிகிச்சை முடிந்து, தையல் ஆறி, செவலை ஒழுங்காக உண்டு விளையாடும் நிலைக்கு வந்த பிறகும் துணை தேவை என்று தோன்றினால் அப்போது பாருங்கள். அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் இளம் பூனையே பொருந்தும். வருகிற பூனையை முதலில் இரண்டு வாரம் தனியறையில் வைத்து, தடுப்பூசியும் போட்டுவிட வேண்டும். ஏனென்றால் பார்வோ வகை நுண்ணுயிரியால் வரும் பூனைகளின் வாந்திபேதி, வெளியில் நலமாகத் தெரியும் குட்டியோடும் வீட்டுக்குள் வந்துவிடும். செவலைக்கும் தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்பட்டுள்ளனவா என்று அறுவை சிகிச்சைக்குப் போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு இரண்டின் படுக்கைத் துணிகளையும் மாற்றி மாற்றிப் போட்டு, மூடிய கதவின் இரு புறமும் ஒரே நேரத்தில் தட்டு வையுங்கள். இரண்டும் சீறாமல் தட்டைக் காலி செய்யும் வரை அந்தக் கதவைத் திறக்க வேண்டாம்.