கிட் விமானத்துக்கு பங்க் பெட்ரோல் ஊற்றலாமா?

கடைமடை:
ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் எஞ்சின் பூட்டிய கிட் விமானத்துக்கு (பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் சிறு விமானம்) பங்க் பெட்ரோலே போதும் என்று வெண்ணாறு எழுதியிருந்தார். ஒத்துக்கொள்ள முடியாது. விமானப் பெட்ரோலான ஏவ்கேஸ் 100எல்எல்-தான் ஊற்ற வேண்டும். அந்த எஞ்சினுக்கு எத்தனால் 10 சதவீதம் வரைதான் அனுமதி. நம் பங்க்குகளில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவின் காற்றே ஈரம். எத்தனால் அதைக் குடிக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். அது எஞ்சினுக்குள் போனால் எஞ்சின் நின்றுவிடும். பிறகு வயலில்தான் இறங்க வேண்டும். மாசி, பங்குனி என்றால் அறுத்த வயல் காய்ந்து கிடக்கும். கார்த்திகையில் கீழே முழுக்கச் சம்பா. மூக்குச் சக்கரம் சேற்றில் புதைந்தால் விமானம் குப்புறக் கவிழும்.

வெண்ணாறு:
காற்று ஈரத்துக்கு இவ்வளவு பயம் வேண்டாம் அண்ணே. தொட்டியின் மெல்லிய காற்றுக்குழாய் வழியே ஏறும் ஈரம் சொற்பம். எத்தனால் கூடக்கூட, பிரியாமல் தாங்கும் தண்ணீரும் கூடும். அந்த வகையில் இ10-ஐ விட இ20 மேல். தண்ணீர் உண்மையில் இறங்கும் இடம் தொட்டி மூடி. ரப்பர் வளையம் வெயிலில் வெடித்தால் ஒரே மழையில் உள்ளே போய்விடும். வளையத்தை மாற்றுங்கள், பறக்கும் முன் தொட்டியின் அடிவடிகாலைத் திறந்து தண்ணீர் வருகிறதா பாருங்கள். நீங்கள் சொல்லும் ஏவ்கேஸ் 100எல்எல்-ஐ 2022 முதல் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரிக்கிறது, சரி. ஆனால் அதில் ஈயம். ஓடும் நேரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் அதுவென்றால் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் தொட்டியிலும் கியர்பாக்ஸிலும் ஈயக் கசடு படியும்.

கடைமடை:
கசடுக்கு ஆயில் மாற்றுவது ஒரு வழி. முழு சிந்தெடிக் ஆயில் ஈயத்தைத் தாங்கிப் பிடிக்காது, செமி சிந்தெடிக் ஊற்றினால் சமாளிக்கலாம். இ20 கெடுப்பதற்கு என்ன வழி? எத்தனாலுக்கு ஏற்காத பிசினில் செய்த ஃபைபர் தொட்டி இளகும். உள்ளே பூசிய சீலன்ட் செதிளாக உரிந்து ஃபில்டரை அடைக்கும். இந்த எஞ்சினில் உள்ள பிங் கம்பெனி கார்புரேட்டரின் மிதவை எரிபொருளில் ஊறி கனக்கும். ஒரு கார்புரேட்டரின் இரண்டு மிதவையும் சேர்ந்து 7 கிராம் தாண்டினால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

புதாறு:
பெட்ரோலில் தண்ணீர் விட்டுக் கழுவி எத்தனாலைப் பிரித்துவிட்டால்?

வெண்ணாறு:
கூடவே கூடாது தம்பி. எத்தனால் போனால் ஆக்டேனும் இறங்கும். 912 யூஎல்எஸ்ஸுக்குக் குறைந்தது 95 ரான் (ஆக்டேன் அளவு) தேவை. அதற்குக் கீழே முழு விசையில் ஏறினால் எஞ்சினில் தட்டல் வரும், பிஸ்டன் போய்விடும். தண்ணீரைச் சோதனைக்கு மட்டும் வையுங்கள். 100 மில்லி அளவு ஜாடியில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல், நன்றாகக் குலுக்கி 10 நிமிடம் விடுங்கள். அடியில் தங்கும் தண்ணீரின் மேல்கோடு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 28 பக்கம் ஏறியிருந்தால் அது இ20. அந்த அளவு வந்தால் நானும் ஊற்றச் சொல்ல மாட்டேன். இ10-க்குள் நின்றால் பங்க் பெட்ரோல்தான் என் கட்சி.

கடைமடை:
அப்படியென்றால் இன்றைக்கு எந்த பங்க்கில் ஊற்றுவீர்கள்? ஏவ்கேஸோடு போங்கள். கத்திரி வெயிலில் சூடான எஞ்சினை மறுபடி கிளப்பும்போது குழாயில் ஆவி அடைப்பதும் அதில் குறைவு. புதாறு, எதை ஊற்றினாலும் தொட்டிக்குத் திரும்பும் குழாயில் 0.35 மில்லிமீட்டர் ஜெட் (சிறு துளை) இருக்கிறதா பாருங்கள். முதல் பறப்புக்கு முன், ஏறும் கோணத்துக்கு மூக்கைத் தூக்கி நிறுத்தி, கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி, மின் பம்பை ஓட்டுங்கள். புறப்படும்போது எஞ்சின் குடிப்பது மணிக்கு 27 லிட்டர். அதில் 125 சதவீதம் வர வேண்டும். 5 நிமிடத்தில் 2.8 லிட்டர் பிடிபடவில்லை என்றால் பறக்காதீர்கள், முதலில் ஃபில்டரைக் கழற்றுங்கள்.