செம்பெயர்ச்சிக் கணிப்பு: மங்கலான கேலக்ஸிகளில் மாடல் 0.2-ஐத் தாண்ட மறுக்கிறது

கேள்வி
எஸ்.டி.எஸ்.எஸ். (ஸ்லோன் வான ஆய்வு) தரவு. கேலக்ஸியின் ஒளி சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்ற செம்பெயர்ச்சியைக் கணிக்கணும், அது கூடினால் தூரமும் கூடும். யு, ஜி, ஆர், ஐ, ஸெட் என்ற ஐந்து ஃபில்டர்களின் மேக்னிட்யூடும் (பொலிவளவு, எண் கூடினால் மங்கல்) உள்ளீடு. மாடல் ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் சராசரி), 300 மரங்கள். ஆர் 17.77 வரையுள்ள கேலக்ஸிகளில் பயிற்சி. டெஸ்ட் பிழை 0.02தான். ஆனால் ஆர் 19, 20 என்று போனால், ஸ்பெக்ட்ரம் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளந்தது) 0.5 சொல்லும் இடத்தில் மாடல் 0.2 என்கிறது. மரங்களைக் கூட்டியும் பயனில்லை. எங்கே தப்பு?

பதில் 1
3000 மரம் வைத்தாலும் அதேதான். 17.77 என்பது முதன்மை கேலக்ஸித் தொகுப்பின் வெட்டு. அதில் பெரும்பாலானவை 0.25-க்குள் அடங்கிவிடும். ரேண்டம் ஃபாரஸ்ட், பயிற்சியில் பார்த்த மதிப்புகளின் சராசரியைத்தான் தரும், அதற்கு மேல் ஒரு அடி வைக்காது. பாஸ் (எஸ்.டி.எஸ்.எஸ்.-இன் பிந்தைய ஆய்வு, இன்னும் தொலைவான கேலக்ஸிகள்) ஸ்பெக்ட்ரங்களையும் சேருங்க, 0.7 வரை கிடைக்கும். ஸெட்வார்னிங் (செம்பெயர்ச்சி அளவீட்டில் சிக்கல் என்ற எச்சரிக்கைக் குறி) 0 உள்ளவை மட்டும். ஸ்பெக்ஆப்ஜ்ஆல் அட்டவணையில் ஒரே கேலக்ஸி பலமுறை வரும். ஒன்று பயிற்சியிலும் இன்னொன்று டெஸ்ட்டிலும் விழுந்தால் பிழை பொய்யாகக் குறையும். மறுபதிவுகள் நீக்கிய ஸ்பெக்ஆப்ஜ் அட்டவணையை எடுங்க.

பதில் 2
அதற்கு முன்னால் ஒவ்வொரு பத்தியின் குறைந்தபட்ச மதிப்பைப் பாருங்க. -9999 இருந்தால் அது மேக்னிட்யூட் இல்லை, "அளவிடவில்லை" என்ற குறி. அந்த வரிசைகளை நீக்கணும்.

நம் பால்வீதியின் தூசுக்குத் திருத்தம் செய்தீங்களா? இல்லையென்றால் தூசுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் சிவந்து தெரியும், மாடல் அதைத் தூரம் என்று எடுத்துக்கொள்ளும். திருத்திய மாடல்மேக்கில் (நிறத்துக்கு ஏற்ற மேக்னிட்யூட்) யு-ஜி, ஜி-ஆர், ஆர்-ஐ, ஐ-ஸெட் என நான்கு நிறங்கள், அதாவது பக்கத்து ஃபில்டர்களின் வித்தியாசங்கள். கூடவே ஆர் ஃபில்டரின் சிமாடல்மேக் (மொத்தப் பொலிவுக்கான மேக்னிட்யூட்) ஒன்று. மங்கலான சிவப்புக் கேலக்ஸிகளில் யு பெரும்பாலும் இரைச்சல்தான், அது இல்லாமலும் ஓட்டிப் பாருங்க.

கேட்டவர்
-9999 இருந்தது! நீக்கி, பாஸும் சேர்த்தாச்சு. இப்போ 0.6 வரை சரியாகப் போகிறது. ஆனால் 0.35-0.4 பக்கம் மட்டும் புள்ளிகள் சிதறுகின்றன.

பதில் 1
அது மாடலின் குற்றமில்லை. சிவப்புக் கேலக்ஸிகளில் 4000 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு) பக்கம் ஒளி சட்டென்று இறங்கும். இதுதான் முக்கியத் தடயம். செம்பெயர்ச்சி 0.37-இல் அந்த இறக்கம் 5480 ஆங்ஸ்ட்ராமுக்கு வந்து, ஜி, ஆர் ஃபில்டர்களின் இடுக்கில் விழுகிறது. நிறத்தைப் பார்த்து இடம் சொல்வது அங்கே கஷ்டம். ஒற்றை எண்ணுக்குப் பதிலாக மரங்களின் விடைப் பரவலையே சேமியுங்க. இரண்டு மேடு தெரிந்தால் சராசரி எடுக்காதீங்க, நடுவில் எந்தக் கேலக்ஸியும் இருக்காது.

பதில் 2
பாஸ் பொலிவான சிவப்புக் கேலக்ஸிகளாகப் பார்த்துப் பொறுக்கியது. மங்கலான நீலக் கேலக்ஸிகளுக்கு இந்த மாடலை நம்பவே வேண்டாம். பயிற்சியில் குறைவாக உள்ள வகைக்கு அதிக எடை போட்டுச் சரிக்கட்டலாம் என்பார்கள். பயிற்சியில் ஆளே இல்லாத மூலைக்கு எதை எடை போடுவது? நிறவெளியில் (நிறங்களை அச்சுகளாக வைத்த வரைபடத்தில்) அருகே பயிற்சிக் கேலக்ஸி இல்லாதவற்றை வெட்டிவிடுங்க. பிழையை (கணிப்பு − ஸ்பெக்ட்ரம்) / (1 + ஸ்பெக்ட்ரம்) என்று எடுத்து, ஆர் அரை மேக்னிட்யூடுக்கு ஒருமுறை தனித்தனியாகப் போடுங்க. 0.15-ஐத் தாண்டியவை எத்தனை சதவீதம் என்பதும் வேணும்.