வெளிநாட்டில் பனிச்சறுக்கு சீசன் வேலை: போய் வந்தவங்க நடந்ததைச் சொல்லுங்க

மலைக்கிறுக்கு:
வர்ற குளிர்காலம் முழுக்க ஏதாவது ஒரு ஸ்கீ ரிசார்ட்ல வேலை பார்த்துக்கிட்டே சறுக்கணும்னு ஆசை. விளம்பரங்கள்ல எல்லாரும் நீல வானத்துக்குக் கீழே சிரிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. வேலை பார்க்கிற படத்தைத்தான் காணோம். எந்த மலை, எந்த வேலை, எதை முதல்ல பிடிக்கணும்? அறிவுரையைவிட உங்களுக்கு நடந்ததைச் சொன்னா உதவியா இருக்கும்.

லிஃப்ட்_கடைசி_நாற்காலி:
நான் இருந்தது கனடாவில், விஸ்லரில். சறுக்க வருபவர்களைக் கம்பிவட நாற்காலியில் மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டில் வேலை. மலை எது என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, பகலில் எந்த நேரம் உங்கள் கையில் இருக்கும் என்பது. டிசம்பரில் லிஃப்டுகள் பிற்பகல் மூன்று மணிவாக்கிலேயே நின்றுவிடும். லிஃப்டில் வேலை பார்ப்பவனுக்குப் பகல் வெளிச்சம் மொத்தமும் லிஃப்டுக்குத்தான். இடைவேளையில் ஒரு ஓட்டம், விடுமுறை நாளில் முழு நாள், அவ்வளவுதான். எங்கள் அறையில் இருந்த ஒருவன் மாலை நேர உணவகத்தில் பாத்திரம் கழுவினான். மலையில் வேலை பார்த்த எங்களைவிட அதிகம் சறுக்கியவன் அவன்தான். பனி கொட்டிய மறுநாள் காலையில் மேலே போகும் முதல் கோண்டோலாப் பெட்டியில் அவன் ஏறுவான், நான் கையில் மண்வாரியோடு அவனை ஏற்றிவிடுவேன்.

வேலை எப்படி என்றால், விருந்தினர் வருவதற்கு வெகு நேரம் முன்பே, இருட்டிலேயே மேலே போய்விடுவோம். ராத்திரி விழுந்த பனியை ஏறும் மேடையிலும் இறங்கும் சரிவிலும் இருந்து அள்ளிச் சமப்படுத்த வேண்டும். நிறுத்தும் பொத்தான்கள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்போம். நாற்காலிகளில் உறைந்திருப்பதைத் தட்டிவிடுவோம். பிறகு நாள் முழுக்க ஆள் ஏற்றுவதுதான். சின்னப் பிள்ளைகள் வந்தால் வேகத்தைக் குறைத்துத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். ஒருமுறை ஒரு தாத்தாவும் பேத்தியும் வந்தார்கள். லிஃப்டைக் குறைத்துவிட்டு பேத்தியைத் தூக்கப் போனேன். அவள் கையைத் தட்டிவிட்டு, "எனக்குத் தெரியும், தாத்தாவைப் பிடிங்க" என்றாள். தாத்தாவைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

காற்று பலமானால் மேல் லிஃப்டுகளை மூடிவிடுவார்கள். அந்த முடிவை எடுப்பவர்கள் வேறு, திட்டு வாங்குவது வரிசைக்கு முன்னால் நிற்கும் நாங்கள். விடுமுறைக்கு வந்த ஒருவர், டிக்கெட் விலையைச் சொல்லிச் சொல்லியே அரை மணி நேரம் கத்தினார். கத்தி முடித்ததும் கைகுலுக்கிவிட்டுப் போனார்! அடிவாரக் கிராமம் கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டர்கூடக் கிடையாது. மேலே பனி கொட்டும்போது கீழே மழை பெய்கிற நாட்கள் நிறைய உண்டு. குளிருக்கான ஜாக்கெட் மட்டும் போதாது, தண்ணீர் புகாததாக இருக்க வேண்டும்.

விசா பற்றி ஒன்று. கனடாவோடு இளைஞர் ஒப்பந்தம் உள்ள நாட்டின் பாஸ்போர்ட் இருந்தால் ஐ.இ.சி. (இன்டர்நேஷனல் எக்ஸ்பீரியன்ஸ் கனடா) என்ற திட்டத்தின் வழியாகப் போகலாம். பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அழைப்பு வந்தால் அதை ஏற்க 10 நாள், விண்ணப்பத்தைப் போட 20 நாள். காவல்துறைச் சான்றிதழ் வாங்க நேரம் பிடிக்கும் என்றால் அழைப்பு வரும் முன்பே அதற்கு ஏற்பாடு செய்யுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: தங்கும் காலம் முழுவதற்கும் மருத்துவக் காப்பீடு கையில் இருக்க வேண்டும். அது குறைந்த காலத்துக்கு இருந்தால், விமான நிலையத்தில் பர்மிட்டையும் அந்தக் காலத்துக்கே வெட்டிவிடலாம். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற பையனுக்கு அதுதான் நடந்தது. ஆறு மாதக் காப்பீடு காட்டினான், ஆறு மாதப் பர்மிட்டோடு வெளியே வந்தான்.

மலைக்கிறுக்கு:
அண்ணா, தங்குமிடம்?

லிஃப்ட்_கடைசி_நாற்காலி:
வேலையோடு பணியாளர் விடுதி தருகிற இடமாகப் பாருங்கள், தம்பி. அறையைப் பகிரத்தான் வேண்டும், வாடகையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். வெளியே தேடினால் நவம்பரில் ஒவ்வொரு படுக்கைக்கும் நாலைந்து பேர் போட்டி. வேலை இருந்தும் கூரை கிடைக்காமல் டிசம்பர் பிறக்கும் முன்பே திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பிக்கிற நேரமும் முக்கியம். வடக்கு அரைக்கோளத்துக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். தெற்கே என்றால் வருடத் தொடக்கத்திலேயே தேட வேண்டும்.

யோதேய்_அடிவாரம்:
எனக்கு வாய்ச்சது ஜப்பான், நிசெகோ. என்கிட்ட ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் இருந்ததால, சுத்திப் பார்த்துக்கிட்டே வேலையும் பார்க்க விடற வொர்க்கிங் ஹாலிடே விசா சுலபமா கிடைச்சுது. ஜப்பான் இந்தத் திட்டத்தை 1980-ல் முதன்முதலா தொடங்கினதே ஆஸ்திரேலியாவோடதான். ஒரு தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்யற வேலை. காலையில் ஒன்பதுல இருந்து பிற்பகல் வரை படுக்கை விரிப்பு, குளியலறை, குப்பை. ஆனா அண்ணா சொன்ன கணக்கு இங்கே கொஞ்சம் மாறும். நிசெகோவோட ஹிராஃபு பகுதியில் ராத்திரியும் விளக்கு போட்டு லிஃப்ட் ஓடும். வேலை முடிஞ்சு, கொஞ்சம் தூங்கி எழுந்து, இருட்டினப்புறம் பனி கொட்டக் கொட்ட சறுக்கலாம். விளக்கு வெளிச்சத்துல பள்ளம் மேடு பகலைவிடத் தெளிவாத் தெரியும்னு சொன்னா நம்ப மாட்டீங்க. மேகம் மூடின பகல்ல எல்லாம் ஒரே வெள்ளைதான்.

அங்கே வெயிலைப் பார்க்கிறதே அபூர்வம். சைபீரியாவில் இருந்து வர்ற வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை வாரிக்கிட்டு வந்து இந்த மலைகள்ல கொட்டிடும். ஒரு சீசனுக்குப் பதினைந்து மீட்டர் அளவுக்குப் பனி விழற ஊர். எதிர்ல 1,898 மீட்டர் உயரத்துக்கு யோதேய் எரிமலை நிக்குது, ஜனவரியில் அது முழுசாக் கண்ணுல பட்டா விடுதியில் எல்லாரும் வேலையை விட்டுட்டு ஜன்னலுக்கு ஓடுவாங்க. மேனேஜரும்தான்.

நிசெகோவில் ரிசார்ட் எல்லைக்கு வெளியே போகணும்னா குறிப்பிட்ட கேட் வழியாத்தான் போகணும். கேட் மூடியிருந்தா கயிறைத் தாண்டக் கூடாது. இது கண்டிப்பான விதி, மீறினா லிஃப்ட் பாஸைப் பிடுங்கிடுவாங்க. ஒருநாள் கேட்டுக்கு முன்னாடி பெரிய கூட்டம். ரோந்துக்காரர் ஒருத்தர் மட்டும் கைகட்டி நிக்கிறார், வயசானவர். என் பக்கத்துல இருந்த ரெண்டு பேர், "நாங்க நல்லா சறுக்குவோம், திறந்து விடுங்க"ன்னு கேட்டாங்க. அவர் அவங்க பையைக் காட்டி, மண்வாரி இருக்கான்னு சைகையில் கேட்டார். இல்லை. புதைஞ்சவரைப் பனிக்குள்ள குத்தித் தேடற நீளக் கம்பி? இல்லை. புதைஞ்ச இடத்தைக் காட்டிக்கொடுக்கிற சிக்னல் கருவி, பீக்கன்? அது ஒருத்தர்கிட்ட மட்டும். ரோந்துக்காரர் சிரிச்சுட்டு, பீக்கன் இல்லாதவரைக் காட்டி, "இவரை யார் தேடறது?"ன்னு உடைஞ்ச இங்கிலீஷ்ல கேட்டார். கூட்டம் கப்சிப்.

காரணம் இருக்கு. பனிச்சரிவுல புதைஞ்சவரை முதல் பத்துப் பதினைந்து நிமிஷத்துல தோண்டி எடுத்தாத்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. ஹெலிகாப்டர் வர்றதுக்குள்ள அது கடந்துடும், கூட இருக்கறவங்கதான் தோண்டணும். அதைவிட எனக்குப் பயம், மரத்தடிக் குழி. மரத்தோட கீழ்க்கிளைகளுக்கு அடியில் பனி இறுகாம பொலபொலன்னு கிடக்கும். தலைகீழா விழுந்தா தானா வெளியே வர முடியாது. மரங்களுக்கு நடுவே போனா ஜோடியாப் போங்க, குரல் கேட்கிற தூரத்துல இருங்க.

பைண்டிங்_மேசை:
ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மலைகளில் ஸ்கீ வாடகைக் கடையில் இருந்தேன். சீசன் ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரை. உயரமான மலைகள் இல்லை, நாட்டின் உச்சியே 2,228 மீட்டர்தான், அதனால் பனி விழுந்தால் கொண்டாட்டம், விழாவிட்டால் செயற்கைப் பனி. அதற்கும் காற்று போதுமான குளிரோடும் வறட்சியோடும் இருக்க வேண்டும். வெப்பமான ராத்திரியில் இயந்திரத்தை ஓட்டிப் பயனில்லை. பனி இல்லாத வாரத்தில் எங்கள் வேலை நேரத்தையும் வெட்டினார்கள். ஒப்பந்தத்தில் வாரத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை மணி நேரம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாடகைக்கான பணத்தைக் கையோடு கொண்டு போங்கள்.

வாடகைக் கடையில் மனிதர்களைப் பற்றிக் கற்றுக்கொள்வது ஏராளம். பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங்கைச் சரிசெய்ய எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், எப்படிச் சறுக்குவார் என்ற வகை எல்லாம் வேண்டும். எடையைக் குறைத்துச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் தேவையில்லாத நேரத்தில் ஸ்கீ கழன்றுவிடும். திறமையைக் கூட்டிச் சொல்வார்கள், அது இன்னும் மோசம். விழும்போது கழல வேண்டிய ஸ்கீ கழலாது, முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். ஒரு கணவர் மனைவி எதிரில் "நிபுணர்" என்று எழுதினார். மனைவி பேனாவை வாங்கி அடித்துவிட்டு, "போன வருஷமும் இப்படித்தான் எழுதினார், ஸ்ட்ரெச்சரில் வந்தார்" என்றார். அதற்குப் பிறகு படிவத்தை நான் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுத்தான் நிரப்பினேன்.

காப்பீடு எடுக்கும்போது குளிர்கால விளையாட்டு, வேலை நேரத்து விபத்து, குறியிட்ட பாதைக்கு வெளியே போவது இந்த மூன்றும் அதில் உண்டா என்று பார்க்கவும். சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் இவற்றை விலக்கிவிடும்.

பனி_கேள்வி:
ஆஸ்திரேலியாவில் சுத்திக்கிட்டே வேலை பார்க்கிறதுக்கான 462 விசா பற்றி யாராவது?

பைண்டிங்_மேசை:
ஆஸ்திரேலியாவின் அந்தத் திட்டத்தில் இந்தியா 2024-ல் சேர்ந்தது. ஆண்டுக்கு 1,000 இடம், வயது 18 முதல் 30 வரை, பதிவு செய்தவர்களில் குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். அதனால் குலுக்கலில் பெயர் வரும் முன் வேலையை உறுதி செய்யாதீர்கள், விமான டிக்கெட்டும் போடாதீர்கள். ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதம் வரைதான் வேலை பார்க்கலாம். பனி சீசன் அதற்குள் முடிந்துவிடும் என்பதால் கவலையில்லை. திரும்பும்போது முதலாளி கட்டிய ஓய்வூதியப் பணத்தைக் கேட்டு வாங்கலாம், ஆனால் 65 சதவீதம் வரியாகப் போய்விடும். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

கேக்_சுட்டவள்:
ஆல்ப்ஸ் பக்கம் ஒருத்தரும் பேசலையே! நான் பிரான்ஸ்ல, தாரான்தேஸ் பள்ளத்தாக்குல ஒரு ஷாலேயில், அதாவது விருந்தினர் தங்கற மலைவீட்டுல, வேலைக்கு இருந்தேன். 2020 முடியும் வரை பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தா பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போய் வேலைக்குச் சேரலாம். இப்ப வேலை அனுமதி வேணும், அதுக்கு மெனக்கெடற முதலாளிகள் குறைஞ்சுட்டாங்க. ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் இருக்கறவங்களுக்குத்தான் இப்ப அது லாட்டரி.

வேலை நேரம் மட்டும் யாருக்கும் கிடைக்காத மாதிரி. விடியக்காலையில் காலை உணவு, படுக்கை, கழிவறை. விருந்தினர் மலைக்குப் போனதும் மாலைக்கு ஒரு கேக்கைச் சுட்டு வெச்சுட்டா பத்தரைக்கு நானும் மலையில். நாலு மணி வரை சறுக்கல். திரும்பி வந்து ராத்திரிச் சமையல், பாத்திரம், நடுநிசி. சனிக்கிழமை மட்டும் கணக்குல இல்லை. பழைய ஆட்கள் போய்ப் புது ஆட்கள் வர்ற நாள், மூச்சு விட நேரம் இருக்காது. அந்த ஒரு நாளைத் தாங்க முடியும்னா மத்த நாள்லாம் சொர்க்கம். உயரத்துல மாவு வேற மாதிரி உப்பும், முதல் வாரத்துக் கேக்கெல்லாம் நடுவுல குழி. ஒரு விருந்தினர் அந்தக் குழியில ஜாம் ஊத்திட்டு, இந்த ஊர்ப் பழக்கம்னு மத்தவங்களை நம்ப வெச்சார்.

பிப்ரவரியில் பள்ளி விடுமுறைக் கூட்டம் வரும்போது மலையில் இடமே இருக்காது. ஜனவரிதான் பணியாளர்களுக்கு ஏத்த மாசம். லீவு கேக்கறதுன்னா அப்பவே கேட்டுடுங்க.

ரெண்டு_தடவை_யோசி:
குறுக்கே ஒரு விஷயம். வேலை உறுதின்னு ஒரு ஏஜென்சி எனக்குக் கடிதம் அனுப்பி, விசா கட்டணம்னு முன்பணம் கேட்டது. கடிதத்துல இருந்த ரிசார்ட்டோட இணையதளத்துக்குப் போய், அங்கே போட்டிருந்த முகவரிக்கு நேரா எழுதிக் கேட்டேன். அப்படி ஒரு வேலையே இல்லைன்னு மறுநாள் பதில் வந்துச்சு. ஏஜென்சிக்காரர் அதுக்கப்புறமும் மூணு வாரம் குட்மார்னிங் அனுப்பிக்கிட்டிருந்தார்.

மலைக்கிறுக்கு:
எல்லாருக்கும் நன்றிங்க. மாலை நேர வேலை, பணியாளர் விடுதி, இந்த ரெண்டும் சேர்ந்து கிடைக்கிற இடமாத் தேடப்போறேன். கடைசியா ஒண்ணு, சாமான் எல்லாம் இங்கேயே வாங்கிட்டுப் போகவா?

பைண்டிங்_மேசை:
ஸ்கீயை அங்கே போய் வாங்குங்கள். சீசன் முடிவில் போகிறவர்கள் விட்டுச் செல்லும் பழையது ஏராளம் கிடைக்கும், அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். பூட்ஸ் மட்டும் புதிதாக, காலை அளந்து பொருத்தித் தருகிற கடையில், மெல்லிய ஒற்றைச் சாக்ஸோடு போட்டுப் பார்த்து. கடையில் போட்டதும் வசதியாக இருந்தால் அது பெரிய அளவு. நேராக நிற்கும்போது விரல் நுனி முன்னால் இடித்து, முழங்காலை மடக்கியதும் விலகினால் அதை எடுங்கள்.

கேக்_சுட்டவள்:
கூடவே காதுக்கு அடைப்பான். நாலு பேர் அறையில ஒருத்தர் நிச்சயமாக் குறட்டை.