பிளாக் கிட்ஸ் குழுவின் முதல் ஆல்பம்: 8.4 எப்படி 3.3 ஆனது?

கேள்வி (தாளக்கட்டு):

2007, 2008 ஆண்டுகளில் வெளிவந்த இண்டி பாப் (பெரிய நிறுவனங்களைச் சாராத பாப் இசை) ஆல்பங்களை வரிசையாகக் கேட்டு வருகிறேன். ஃபுளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரத்தைச் சேர்ந்த பிளாக் கிட்ஸ் குழுவிடம் வந்தபோது ஒரு விஷயம் பிடிபடவில்லை. 2007-இல் அவர்கள் இணையத்தில் இலவசமாகக் கொடுத்த ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ என்ற நான்கு பாட்டுத் தொகுப்புக்கு, பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் பத்துக்கு 8.4 மதிப்பெண் அளித்துக் கொண்டாடியது. ஓராண்டுகூட ஆகாத நிலையில், 2008 ஜூலையில் ‘பார்ட்டி ட்ரமாட்டிக்’ என்ற முதல் முழு ஆல்பம் வெளிவந்தபோது, அதே தளம் 3.3 மட்டுமே கொடுத்தது. விமர்சனம் என்று ஒரு பத்திகூட இல்லை. இரண்டு பக் இன நாய்களின் படமும் ‘மன்னிக்கவும்’ என்ற சொல்லும்தான் இருந்தன. இத்தனைக்கும் ஆல்பத்தின் பத்துப் பாட்டுகளில் நான்கு, முன்பு பாராட்டப்பட்ட அதே நான்கு பாட்டுகள். ஆல்பம் உண்மையிலேயே அவ்வளவு மோசமா, முதலில் கொடுத்த பாராட்டு மிகையா? இரண்டையும் கேட்டவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் (வடக்குவீதி):

பாட்டுகள் அதே பாட்டுகள்தான், ஆனால் ஒலிப்பதிவு வேறு. ‘ஐ’ம் நாட் கோனா டீச் யுவர் பாய்ஃப்ரெண்ட் ஹவ் டு டான்ஸ் வித் யூ’ பாட்டின் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். குழுவின் பாடகர் ரெஜி யங்பிளட், தான் சிறுமியாக இருந்த நாள் முதலே கனவு கண்டவள் நீதான் என்று ஓர் ஆண்குரலில் கொஞ்சமும் கூச்சமின்றிப் பாடுகிறார். பின்னால் அவருடைய தங்கை அலியும் டான் வாட்லியும் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணுகிறார்கள். முதல் பதிவில் அந்த எண்ணிக்கை, அறையின் மூலையிலிருந்து தோழிகள் கூவுவதைப் போலக் கரடுமுரடாகக் கேட்கிறது. குரலும் கீபோர்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன, அந்த முட்டலில்தான் பாட்டின் குறும்பு இருக்கிறது. ஆல்பத்தைத் தயாரித்தவர் ஸ்வேட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் கித்தார் வாசித்த பெர்னார்ட் பட்லர். அவர் கைதேர்ந்த இசைக்கலைஞர் என்பதில் ஐயமில்லை, ஆனால் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் இடம் ஒதுக்கி மெருகேற்றியதில் யங்பிளட்டின் குரல் முன்னால் வந்து நின்றுவிட்டது. தூரத்தில் கேட்டபோது ஏக்கமாக இருந்த குரல், அருகில் வந்ததும் சில இடங்களில் நடிப்பாகப் படுகிறது. மீதமுள்ள ஆறு பாட்டுகளில் தலைப்புப் பாட்டைத் தவிர வேறெதுவும் பழைய நான்குக்கு ஈடாக இல்லை என்பதும் என் கருத்து. ஆகவே மதிப்பெண் இறங்கியதில் நியாயம் உண்டு, ஆனால் நான் போட்டால் ஆறுக்குக் கீழே இறக்க மாட்டேன்.

பதில் (மழைக்கால வானொலி):

வடக்குவீதி அவர்கள் ஒலிப்பதிவைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். எனக்கு ஆற்றாமை வேறு இடத்தில். அவர் இங்கே ஒரு பத்தியில் சொன்ன காரணங்களை, அதுவே தொழிலாக இருந்த ஒரு தளம் ஏன் எழுதவில்லை? 2006-இல் ஜெட் குழுவின் ‘ஷைன் ஆன்’ ஆல்பத்துக்கும் இப்படித்தான் 0.0 கொடுத்துவிட்டு, ஒரு குரங்கின் காணொளியை மட்டும் போட்டார்கள். ஜெட் ஏற்கெனவே பெரிய அளவில் விற்ற குழு, அந்த அடியைத் தாங்கும். பிளாக் கிட்ஸோ, முழு ஆல்பம் ஒன்றுகூட வெளியிடாத நிலையில் இதே தளத்தின் 8.4-ஐப் பார்த்துப் பலர் தேடிக் கேட்ட குழு. அந்த ‘மன்னிக்கவும்’ யாரிடம் கேட்கப்பட்டது? முன்பு அவசரப்பட்டுப் பாராட்டியதற்காக வாசகர்களிடம் கேட்டதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் தவறு விமர்சகர்களுடையது, தண்டனை மட்டும் குழுவுக்குப் போயிருக்கிறது. ஒரு ஆல்பம் பிடிக்கவில்லை என்றால் எந்தப் பாட்டில், எந்த இடத்தில், எதனால் என்று சொல்லும் கடமை விமர்சகருக்கு உண்டு. சொன்னால்தான் கேட்பவர் ஒப்பிட்டுப் பார்த்து உடன்படவோ மறுக்கவோ முடியும்.

பதில் (அலைவரிசை):

இந்தப் பேச்சு அமெரிக்கக் கதையோடு நின்றுவிடக் கூடாது. பிரிட்டனில் அதே ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 5-ஆம் இடம் வரை வந்தது. வடக்குவீதி குறிப்பிட்ட ‘ஐ’ம் நாட் கோனா டீச்’ பாட்டு தனிப்பாடலாக 11-ஆம் இடத்தைப் பிடித்தது. ஸ்வேட், தி க்யூர் போன்ற குழுக்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு யங்பிளட்டின் மிகையான உருக்கம் குறையாகப் படவில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் இரண்டாவது ஆல்பமான ‘ரூக்கி’ 2017-இல்தான் வந்தது.

பதில் (தாளக்கட்டு):

அனைவருக்கும் நன்றி. அப்படியானால் ஒரு துணைக்கேள்வி. அதே 2008 ஜனவரியில் வந்த வேம்பயர் வீக்எண்ட் குழுவின் முதல் ஆல்பமும் வலைப்பூக்களின் ஆரவாரத்தில் வளர்ந்ததுதானே? அதற்கு மட்டும் பிட்ச்ஃபோர்க்கில் 8.8 எப்படி நிலைத்தது?

பதில் (வடக்குவீதி):

அவர்களுடைய பாட்டுகளும் 2007 முழுவதும் கைக்குக் கை மாறிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் ஆல்பத்தைத் தயாரித்தவர் வெளியாள் அல்லர். குழுவில் கீபோர்டு வாசித்த ரோஸ்டம் பட்மாங்லிஜ். எக்ஸ்எல் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் வெளியிட்டபோதும் அந்த ஒல்லியான கித்தாரும் இடைவெளி விட்ட டிரம்ஸும் அப்படியே இருந்தன, முன்பு ரசித்தவர்களுக்கு ரசித்த அதே ஒலி கிடைத்தது. விமர்சகர்கள் அவர்களையும் சும்மா விடவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர்கள் ஆப்பிரிக்க கித்தார் பாணியை எடுத்தாளலாமா என்ற விவாதம் நீண்ட நாள் நடந்தது, தென்னாப்பிரிக்க இசைக்கலைஞர்களோடு சேர்ந்து பால் சைமன் உருவாக்கிய ‘கிரேஸ்லேண்ட்’ ஆல்பத்தோடு ஒப்பிடாதவர்கள் குறைவு. அதில் பாதி நியாயமற்றது என்றே கருதுகிறேன், ஆனால் அது காரணங்களோடு எழுதப்பட்ட விவாதம். 2010-இல் இரண்டாவது ஆல்பமான ‘கோண்ட்ரா’ வந்தபோது குழுவால் அதற்கு இசையாலேயே பதில் சொல்ல முடிந்தது. இரண்டு நாய்களின் படத்துக்கு பிளாக் கிட்ஸ் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?